ராட்கோவின் தும்மலும் ஒரு பனித்தூணும்

1

இந்தக் கதை முதலில் பனிச்சரிவு எச்சரிக்கை அறிக்கையாகத்தான் இருந்தது. "அபாய அளவு ஐந்தில் நான்கு. எழுபது சென்டிமீட்டர் புதுப்பனி. சமையற்காரர் ராட்கோ தும்மினார்" என்று எழுதி அனுப்பினேன். மூன்றாவது வாக்கியத்தை அலுவலகம் அடித்துவிட்டது. அடிபட்டதை இங்கே தூக்கிக்கொண்டு வந்திருக்கிறேன்.

2

வெண்போர்வை போர்த்திய யூலியன் மலைகளில் ஒரு

(வேண்டாம். இருபது வருடமாக இங்கே பனியைத் தோண்டி அளக்கிறேன். போர்வை எதையும் பார்த்ததில்லை.)

புயல் மூன்றாவது நாளாக அடித்துக்கொண்டிருந்தது. மலைக்குடிலில் நானும் ராட்கோவும் மட்டும். கீழே கிராமத்தில் அன்று மதியம் அவனுக்கும் மிலேனாவுக்கும் நிச்சயதார்த்த விருந்து. சரிவைக் குறுக்கே கடந்தால் ஒரு மணி நேரம்தான் என்று பனிச்சறுக்குக் கட்டைகளை மாட்டிக்கொண்டான். நான் தடுத்தேன். காற்று குவித்த பனி மேலே பலகையாக இறுகியிருக்கிறது, அடியில் பழைய பனி சர்க்கரை மாதிரி உதிர்ந்து கிடக்கிறது, ஓர் ஆள் பாரம் போதும் என்றேன்.

"அக்கா, மிலேனாவோட அப்பா கோவத்த நீங்க அளந்து பாத்ததில்ல," என்றான்.

3

(இவனை இவ்வளவு முட்டாளாகக் காட்டலாமா? முட்டாள் இல்லை. பயப்பட வேண்டிய திசையைத்தான் மாற்றிப் பிடித்துவிட்டான்.)

கடைசியில் ஓர் ஒப்பந்தத்துக்கு வந்தோம். குடிலுக்குப் பின்னால் பனியில் ஒரு தூண் வெட்டுவேன். அதன் தலையில் மண்வாரியை வைத்து மணிக்கட்டால் பத்துத் தட்டு, முழங்கையால் பத்து, தோளால் பத்து. முதல் பத்தில் சரிந்தால் அவன் போகக்கூடாது.

தட்டத் தொடங்குமுன் ராட்கோ தும்மினான். தூணின் மேல்பாதி வழுக்கி அவன் பூட்ஸ்மேல் விழுந்தது.

கட்டைகளைக் கழற்றினான். மதியம் தாண்டி, என் அறிக்கை போன பிறகு, ரேடியோவில் மிலேனாவிடம் தயங்கித் தயங்கி விஷயத்தைச் சொன்னான்.

"நாலுன்னு போட்டிருக்குல்ல, அங்கயே கெட," என்றாள் அவள். "உன் பங்கையும் அப்பா தின்னுட்டாரு. இப்ப அவருக்குக் கோவமே இல்ல."

மறுநாள் காலை சரிவிலிருந்த பனி தானாகவே இறங்கியது. பாதைக் கம்பங்களையும் நாலு மரங்களையும் வாரிக்கொண்டு போயிற்று. சன்னலில் நின்று பார்த்த ராட்கோ, கையிலிருந்த கரண்டியைக் கீழே வைக்க மறந்து மதியம்வரை அதோடு திரிந்தான்.

4

அடிக்குறிப்பு: தும்மலுக்கெல்லாம் தூண் சரியாது. அவன் தும்மியதில் திடுக்கிட்டு நான்தான் முழங்கையால் இடித்துவிட்டேன். (முறைப்படி முழங்கை இரண்டாவது சுற்றில்தான் வரவேண்டும்.) இடிக்காதிருந்தால் பதினோராவது தட்டுவரை தாங்கியிருக்குமோ, அவனும் கிளம்பிப் போயிருப்பானோ என்று இன்னும் நினைத்துக்கொள்கிறேன். இதை யாரிடமும் சொல்லவில்லை.

5

இந்தக் குளிர்காலத்தில் மிலேனா குடிலுக்கு வந்திருக்கிறாள். கல்யாணமாகி எட்டு மாதம். தும்மல் கதையை அவள் நம்புவதில்லையாம்.

"ஒரே ஒரு தூண் வெட்டுங்கக்கா, இவ கண்ணால பாக்கட்டும்," என்றான் ராட்கோ.

இன்று அபாய அளவு ஒன்று. பனி சுவர்போல உறுதியாக நிற்கிறது. தூண் வெட்டியாயிற்று. ராட்கோ உள்ளங்கையில் மிளகுத்தூளைக் கொட்டி மோந்துவிட்டான். மிலேனா தூணைப் பார்க்கவில்லை, கையைக் கட்டிக்கொண்டு என்னையே பார்க்கிறாள்.

நான் எழுதப்போவது இவ்வளவுதான். அவன் மூக்கு துடிக்கிறது. என் இடத்தில் நீங்கள் இருந்தால், முழங்கையை எங்கே வைத்துக்கொள்வீர்கள்?