யூனிட்டுக்குப் பதினைந்து காசு

காலை ஏழு மணிக்கு லூர்துராஜின் போனுக்கு வந்த வங்கிச் செய்தியில் ஐயாயிரம் ரூபாய் என்றிருந்தது. ஆறு வருடமாக மாதம் தவறாமல் ஏழாயிரத்து ஐந்நூறு வந்துகொண்டிருந்த கணக்கு. தஞ்சாவூரில் ஒரு தனியார் பள்ளியில் முப்பத்தோரு வருடம் கணக்கு வாத்தியாராக இருந்தவர். பென்ஷன் கிடையாது. ஓய்வின்போது கையில் வந்த பத்து லட்சத்தை ஒரு மியூச்சுவல் ஃபண்டில் போட்டிருந்தார். யூனிட் இருபது ரூபாய், ஐம்பதாயிரம் யூனிட். யூனிட்டுக்கு மாதம் பதினைந்து காசு டிவிடெண்ட்.

இந்த மாதம் பத்து காசு. ஏன் என்று பார்க்க ஃபண்டின் பக்கத்தைத் திறந்தவர், டிவிடெண்ட் வரலாறு என்ற பட்டியலை முதல் முறையாகக் கடைசி வரை இறக்கிப் பார்த்தார். பதினைந்து காசு, பதினைந்து காசு என்று எழுபத்திரண்டு வரிகள். பக்கத்திலேயே அந்தந்த மாதத்து யூனிட் விலை. இருபது, பதினெட்டரை, பதினாறு, இப்போது பதினான்கு.

போன வாரம்தான் தங்கையிடம் பெருமையாகச் சொல்லியிருந்தார். "நான் போட்டப்ப ஒம்போது பர்சன்ட் ஜோதி. இப்ப பதிமூணு பர்சன்ட்டுக்கிட்ட வந்துருச்சு." வருடத்துக்கு ஒரு ரூபாய் எண்பது காசு. அதை யூனிட் விலையால் வகுத்துத்தான் அந்த சதவீதத்தைப் போடுகிறார்கள். மேலே இருந்த எண் அசையவே இல்லை. கீழே இருந்தது தேய்ந்ததால் விடை பெரிதாகியிருக்கிறது. எட்டாம் வகுப்புப் பையன் இதைச் செய்திருந்தால் பெஞ்சு மேல் ஏற்றியிருப்பார். யூனிட்டுக்கு ஆறு ரூபாய் தேய்ந்திருக்கிறது என்றால், வாங்கித் தின்ற ஐந்து லட்சத்து நாற்பதாயிரத்தில் மூன்று லட்சம் அவர் போட்ட காசேதான்.

அருள்ஜோதிக்குப் புருஷன் இல்லை, பிள்ளையும் இல்லை. கஜா புயல் சாய்த்த தென்னந்தோப்பில் மறுபடி கன்று வைத்து, தண்ணீர் ஊற்றி, முடியாமல், போன மாதம் விற்றாள். எட்டு லட்சம். அண்ணன் பேச்சைக் கேட்டு அதை அதே ஃபண்டில் போட, இன்று பதினொரு மணிக்குப் பட்டுக்கோட்டை ஏஜென்ட் ஆபீசில் கையெழுத்து. லூர்துராஜ் ஐந்து முறை கூப்பிட்டும் அவள் போனை எடுக்கவில்லை.

பட்டுக்கோட்டை பஸ்ஸில் இடம் இருந்தும் படிக்கட்டுப் பக்கம் கம்பியைப் பிடித்து நின்றார். "சார், சீட்டுதான் இருக்குல்ல, ஒக்காருங்க" என்றார் கண்டக்டர். உட்கார்ந்தார். ஒரத்தநாடு வருவதற்குள் மறுபடி எழுந்துவிட்டார். நடவு முடிந்த வயல்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் போயின. என்ன சொல்லி ஆரம்பிப்பது? ஒருவேளை அவள் அதற்குள் கையெழுத்துப் போட்டுவிட்டால் சொல்லாமலே இருந்துவிடலாமா என்றுகூட ஒரு நிமிஷம் தோன்றியது. தோன்றியதும் காது மடல் சுட்டது.

ஆபீசில் அவள் டோக்கனோடு உட்கார்ந்திருந்தாள். மடியில் நிரப்பிய படிவம், பக்கத்தில் செக் புத்தகம்.

"போனு வீட்டுலயே இருக்குண்ணே. என்ன, இப்படி வேர்த்துப்போயி வந்திருக்கீங்க?"

மூச்சு விடாமல் சொல்லி முடித்தார்.

"அப்ப இத்தன வருஷமா ஒங்க காசத்தான் ஒங்களுக்கே குடுத்தானா?"

"பாதிக்கு மேல."

"சரி. என் எட்டு லட்சத்துல மாசம் ஆறாயிரம் எடுத்தா எத்தன வருஷம் தாங்கும்?"

இப்படி ஒரு கேள்வியை அவர் எதிர்பார்க்கவில்லை. மனதுக்குள் போட்டுப் பார்த்தார். "நாலு நாலரை பர்சன்ட் வளந்தா, பதினஞ்சு வருஷம். கொஞ்சம் கூட வரலாம். விலை விழுந்தா அதுவும் இல்ல."

"எனக்கு அறுவத்தொண்ணு. அம்மா எழுவத்தி நாலு வயசுல போச்சு. போதும்ணே."

"போதும்னா? அதுக்கப்புறம்?"

"யாரு வீட்டு வாசல்லயும் போயி நிக்கக் கூடாது. எனக்கு அவ்வளவுதான். இது இல்லாட்டி பேங்குல போட்டு நானே எடுத்துக்கறேன். ரெண்டும் ஒண்ணுதானே?" சொல்லிவிட்டு அவர் முகத்தையே பார்த்தாள். "ஒங்க காசு எத்தன வருஷத்துக்கு வரும்? போட்டுப் பாத்தீங்களா?"

அவருக்கு அறுபத்தெட்டு. அவர்கள் அப்பா தொண்ணூற்றொன்று வயது வரை இருந்தார்.

கையை நீட்டினார். அவள் பேனாவைக் கொடுத்தாள். படிவத்தைத் திருப்பி, வெற்றுப் பக்கத்தில், தன்னிடம் மிச்சமிருந்த தொகையை ஏழு லட்சம் என்று எழுதி அடியில் கோடு போட்டார். உள்ளே இருந்து ஒரு பெண் அருள்ஜோதியின் டோக்கன் எண்ணைக் கூப்பிட்டாள். இரண்டாம் முறையும் கூப்பிட்டாள். கோட்டுக்குக் கீழே பேனா முனை தொட்ட இடத்தில் மை ஒரு புள்ளியாக ஊறிப் பரவிக்கொண்டிருந்தது.