மீதி வந்ததும்

என் வீட்டுக்காரருக்குத் தெருவில் தராசு என்று பெயர். சொந்தமாக இரும்புக் கடை வைத்திருந்த காலத்தில் வைத்த பெயர் அது. ஆணியை நிறுத்து, முள் நடுவில் நின்ற பிறகும் மேலே இரண்டு ஆணி போடுவார். கூடினால் குற்றமில்லை, குறைந்தால்தான் மறுமையில் கேள்வி என்பார். அந்த இரண்டு இரண்டு ஆணிகளைச் சேர்த்து வைத்திருந்தால் இன்னொரு கடை கட்டியிருக்கலாம் என்று நான் கேலி செய்வேன்.

கடை போனது ஆணியால் அல்ல. கடன் கேட்டவர்களுக்கெல்லாம் தலையாட்டியதால் போனது. அதிலும் ஒரு கட்டட கான்ட்ராக்டர் மூன்று மாடிக்கு வேண்டிய கீல், தாழ்ப்பாள், பூட்டு எல்லாம் எடுத்துக்கொண்டு கம்பி நீட்டிவிட்டான். இரும்புக் கடைக்காரரிடமே கம்பி நீட்டினான் பாருங்கள், அவன் சாமர்த்தியம் அது. இப்போது இவர் வேறொருவர் கடையில் சம்பளத்துக்கு ஆணி நிறுக்கிறார். அங்கே மேலே இரண்டு போட முடியாது, முதலாளி பார்த்துக்கொண்டிருப்பார்.

அச்சகத்துக்கு மேலே ஒற்றை அறையில் இருக்கிறோம். கீழே இயந்திரம் ஓடினால் அலமாரியில் தம்ளர்கள் ஒன்றோடொன்று முட்டிக்கொள்ளும். நான் எதிர் வரிசைத் தையல்காரருக்குக் காஜா எடுத்து, பட்டன் வைத்துக் கொடுத்து வந்தேன். சர்க்கரை வியாதி என் வலது கண்ணை முன்பே தின்றுவிட்டது. இடது கண்ணிலும் கருப்பு நூல் ஒன்று மிதக்கத் தொடங்கியபோது நான் யாரிடமும் சொல்லவில்லை. ஊசியில் நூல் கோக்க முடியாமல் ஒரு சட்டையை வைத்துக்கொண்டு ஒரு பொழுது முழுக்க உட்கார்ந்திருந்ததைத் தையல்காரர்தான் கண்டுபிடித்தார். மறுநாளிலிருந்து ஊசிகளில் நூல் கோத்தே அனுப்பினார். அவரை அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன், கூடப் பிறந்தவன்கூட அப்படிச் செய்திருக்க மாட்டான்.

ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போனவரும் அவர்தான். டாக்டர் டார்ச்சை அடித்துப் பார்த்தார்.

"உள்ள ரத்தம் கசியுது. இந்த மாசத்துக்குள்ள ஆபரேஷன் பண்ணிட்டா இருக்கிற பார்வை நிக்கும். தள்ளிப் போட்டா அப்புறம் என் கையில எதுவும் இல்லம்மா."

செலவைச் சொன்னார். நான் சிரித்துவிட்டேன். அந்தத் தொகைக்கு என்னையே விற்றாலும் பாதிதான் தேறும்.

இனி நடந்ததெல்லாம் பிறகுதான் எனக்குத் தெரிய வந்தது. ஆனாலும் அதது நடந்த இடத்திலேயே சொல்லிவிடுகிறேன். தையல்காரர் எங்கள் பள்ளிவாசலில் ஜகாத் நிதிக்குப் பொறுப்பாளர். வருஷத்துக்கு ஒரு தடவை, வசதி உள்ளவர் தன்னிடம் மிஞ்சி நிற்கும் சொத்தில் நாற்பதில் ஒரு பங்கை ஏழைகளுக்குப் பிரித்துக் கொடுக்க வேண்டும், அதுதான் ஜகாத். என் ஆபரேஷனுக்கு அந்த நிதியிலிருந்து கொடுக்கக் கமிட்டியும் சம்மதித்துவிட்டது. சிக்கல் ஒன்றுதான். தராசு வாங்க மாட்டார். காலமெல்லாம் கொடுத்த கை அது. ஜகாத் என்ற சொல் காதில் விழுந்தாலே பணத்தை வைத்த இடத்தில் வைத்துவிட்டு எழுந்து போய்விடுவார்.

வாங்குபவரிடம் இது ஜகாத் என்று சொல்லியே ஆக வேண்டும் என்பது சட்டம் இல்லை. கொடுப்பவர் மனத்தில் நினைத்தால் போதும். தையல்காரர் அதைப் பிடித்துக்கொண்டார். ஓடிப்போன அந்தக் கான்ட்ராக்டர் மனம் திருந்திப் பழைய பாக்கியை அனுப்பியிருக்கிறார் என்று ஒரு கதை கட்டி, பணத்தை இவர் கையில் கொடுத்தார். ஆனால் கான்ட்ராக்டரின் பாக்கி எவ்வளவு என்பது இவருக்குத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் தெரியும்.

"தொகை சரியா இல்லையே? இது பாதிகூட வராதே" என்று கேட்டிருக்கிறார்.

தையல்காரர் திணறிப்போய், "மீதி அடுத்த மாசம் வருமாம்" என்று சொல்லிவிட்டார். துணியில் ஓட்டை தெரிந்தால் ஒட்டுப் போடுகிற புத்தி. அந்த ஒட்டுத்தான் எங்களைக் கவிழ்த்தது. அன்றைக்கே தையல்காரர் தன் மகளின் பிரசவத்துக்காக வெளியூர் கிளம்பிவிட்டார்.

இவர் பணத்தோடு வீட்டுக்கு வந்தார். கான்ட்ராக்டர் கதையைச் சொன்னார். எனக்கு அழுகையே வந்துவிட்டது. திட்டிய திட்டையெல்லாம் அந்தக் கான்ட்ராக்டரிடமிருந்து திரும்ப வாங்கிக்கொண்டேன். இவர் மட்டும் பணப் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"என்னங்க, நாளைக்கே ஆஸ்பத்திரிக்குப் போயிடலாமா?"

"மீதி வரட்டும். அது வந்ததும் உன் கண்ணு. இது வேற கடனுக்குப் போகணும்."

"யாருக்குக் கடன்? நமக்குக் கடன் குடுக்க எவன் இருக்கான்?"

"அல்லாஹ்வுக்கு" என்றார்.

கடையின் கடைசி நாலைந்து வருஷங்களில், அலமாரி நிறையச் சரக்கும் பெட்டி நிறையக் காற்றுமாக இருந்தபோது, ஜகாத்தை அடுத்த வருஷம் அடுத்த வருஷம் என்று தள்ளிப் போட்டிருக்கிறார். பிறகு கடையே இல்லை. அந்தப் பாக்கி தன் கழுத்தில் கிடப்பதாக நம்பிக்கொண்டிருந்திருக்கிறார். பள்ளிவாசலில் கடைசி வரிசையில், செருப்பு விடும் இடத்துக்குப் பக்கத்தில் அவர் நிற்பதன் காரணம் அன்றைக்குத்தான் எனக்கு விளங்கியது.

"தனக்கு மிஞ்சித்தான் தானமும் தர்மமும்" என்று கத்தினேன்.

"இது தானமும் இல்ல, தர்மமும் இல்ல. ஏழையோட பங்கு நம்ம சரக்கோட சரக்கா நம்ம அலமாரியில கிடந்துச்சு. அதனாலதான் கடை போச்சு. உன் கண்ணு மட்டும் ஏன் போகுதுன்னு நினைக்கிறே?"

"சர்க்கரையால போகுது! டாக்டர் சொன்னாரு!"

"அதுக்கு மேல ஒண்ணு இருக்கு" என்றார். "அதைக் குடுத்துட்டா எல்லாம் நேராகும், பாரு."

விடிந்து நான் எழுந்தபோது பையும் இல்லை, அவரும் இல்லை. பள்ளிவாசலில், இந்த ஏற்பாடு எதுவும் தெரியாமல் தையல்காரருக்குப் பதிலாக இருந்தவரிடம் முழுவதையும் பழைய ஜகாத் என்று சொல்லிக் கொடுத்திருக்கிறார். அங்கே அன்றைக்குக் காத்திருந்த விதவைகளுக்கும் நோயாளிகளுக்கும் அது மதியத்துக்குள் பிரிந்து போய்விட்டது. ஏழையின் பங்கைத் தாமதிக்கக் கூடாது அல்லவா? எங்கள் ஆட்கள் இதில் மட்டும் தாமதிக்க மாட்டார்கள். வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதை.

தையல்காரர் ஊர் திரும்பியதும், இவர் வேலைக்குப் போயிருந்த நேரம் பார்த்துப் படியேறி வந்தார். கீழே இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. அவர் சொன்னதெல்லாம் அந்தச் சத்தத்துக்கு நடுவில்தான் என் காதில் விழுந்தது.

"அது நம்ம ஜகாத் பணம் தங்கச்சி. உன் கண்ணுக்காகக் குடுத்தது. கான்ட்ராக்டரும் இல்ல, மீதியும் இல்ல. நான் ஒரு மடையன், கண் கெட்ட பிறகு…" என்று ஆரம்பித்தவர் பழமொழியை அப்படியே விழுங்கிவிட்டார்.

"சொல்லி முடிங்கண்ணே" என்றேன். "எனக்குத்தான் சொல்றாங்கன்னு எனக்குத் தெரியாதா?"

அவர் முகம் எனக்குச் சரியாகத் தெரியவில்லை. மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. கோபம் எனக்கு அப்படி வந்தது. அல்லாஹ்வின் மேல் இல்லை. மானத்தைக் காப்பாற்றுகிறேன் என்று பொய் சொன்னவர் மேலும், மறுமையைக் காப்பாற்றுகிறேன் என்று என் கண்ணைக் கொண்டு போய்க் கொடுத்தவர் மேலும்தான் வந்தது. இரண்டு பேரும் நல்லவர்கள். நல்லவர்களிடம் மாட்டிக்கொண்டால் தப்பிக்க வழியே கிடையாது.

"திரும்பக் கேட்க முடியாதா?"

"கமிட்டியில கேட்டேன். ஊரே பார்க்க ஜகாத் குடுத்த மனுஷனுக்கு எப்படி ஜகாத் குடுக்கிறதுன்னு கேட்கிறாங்க. அவரே வந்து, எனக்குத் தேவை இருக்குன்னு ஒரு வார்த்தை சொன்னா, ஆளுக்குக் கொஞ்சம் போட்டாவது குடுத்துடலாங்கிறாங்க. நீதான் அவர்கிட்டப் பேசணும் தங்கச்சி."

ஒரு வார்த்தை. அன்றைக்கே பேசிவிடுவது என்று முடிவு செய்து உட்கார்ந்திருந்தேன். படியில் காலடி கேட்டது. வழக்கமாகப் பாதியில் நின்று மூச்சு வாங்குகிறவர், அன்றைக்கு ஒரே மூச்சில் ஏறி வந்தார். துரு வாசனையோடு என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"இன்னைக்கு முன் வரிசையில நின்னு தொழுதேன்" என்றார்.

சோறு போட்டேன். ரசித்துச் சாப்பிட்டார். கடை போன பிறகு அவர் உப்பு, காரம் பற்றிச் சொன்னது அன்றைக்குத்தான். நான் நேராகக் கேட்கப் பயந்து சுற்றி வளைத்தேன்.

"ஏங்க, சும்மா ஒரு பேச்சுக்குக் கேட்கிறேன். மீதி வரலேன்னு வெச்சுக்கோங்க. யாராவது நமக்கு ஜகாத் குடுத்தா வாங்கிக்குவீங்களா?"

அவர் கை தட்டில் நின்றது. கோபப்படுவார் என்று நினைத்தேன். கோபப்பட்டிருந்தால் நானும் எல்லாவற்றையும் கொட்டியிருப்பேன். அவர் மெதுவாகத்தான் சொன்னார்.

"நான் மவுத்தான பிறகு நீ வாங்கிக்கோ. அதுல தப்பில்ல."

அதற்கு மேல் நான் பேசவில்லை. இதைத் தியாகம், பதிபக்தி என்று யாராவது சொன்னால் எனக்குக் கெட்ட கோபம் வரும். பயந்தேன், அவ்வளவுதான். நிமிர்ந்து படியேறி வந்த மனிதரிடம், நீங்கள் கொடுத்த ஜகாத்தே உங்களுக்கு வந்த ஜகாத்துதான் என்று சொன்னால், அவர் மறுபடி செருப்புகளுக்குப் பக்கத்தில்கூடப் போய் நிற்க மாட்டார் என்று பயந்தேன். ஒரு கண்தானே, பழகிக்கொள்ளலாம் என்றும் நினைத்தேன். அது பெரிய பொய். பழகவே முடியவில்லை.

தையல்காரர் தன்னால் முடிந்ததைச் செய்தார். தையல் இயந்திரம் ஒன்றை விற்றார், மருமகனிடம் கேட்டார், என்னிடம் சொல்லாமல் இன்னும் யார் யாரிடமோ கை நீட்டியிருக்கிறார். ஒருவழியாகச் சேர்த்துக்கொண்டு என்னை அழைத்துப் போனபோது மாசம் தாண்டியிருந்தது. டாக்டர் டார்ச்சை அடித்தார். வெளிச்சம் பட்டதே எனக்குத் தெரியவில்லை, சூடு மட்டும் தெரிந்தது. டார்ச்சை அணைக்கும் சத்தம் கேட்டது.

"ஏம்மா இவ்வளவு லேட்டா வந்தீங்க?"

மீதிக்காகக் காத்திருந்தோம் டாக்டர் என்று சொல்லலாமா என்று ஒரு நிமிஷம் நினைத்தேன். தையல்காரரின் கையைப் பிடித்துக்கொண்டு இறங்கினேன். அந்தப் பணத்தைக் கொண்டு இயந்திரத்தைத் திரும்ப வாங்கிக்கொள்ளும்படி அவரிடம் சொல்லிவிட்டேன்.

இப்போது தம்ளர்களின் சத்தத்தை வைத்து அலமாரியைக் கண்டுபிடிக்கிறேன். தையல்காரர் இவரைக் கண்டால் சந்து மாறிப் போகிறார் போலிருக்கிறது. இவர் விடாமல் பிடித்து, மீதி என்ன ஆச்சு என்று கேட்டுக்கொண்டிருக்கிறார். அவர் அடுத்த மாசம், அடுத்த மாசம் என்கிறார்.

நேற்று வேலையிலிருந்து வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"அந்தக் கான்ட்ராக்டருக்கும் ஏதோ கஷ்டம் போல. இல்லேன்னா பாதியை அனுப்பின மனுஷன் மீதியை அனுப்பாம இருப்பானா? நாமளும் அவனை ரொம்பத் திட்டிட்டோம். வா, அவனுக்காக துஆ கேட்போம்."

அவர் கைகளை ஏந்தியிருக்க வேண்டும், துருவின் வாசனை என் முகத்துக்குப் பக்கத்தில் வந்தது. அந்தத் திருடனின் தொழிலுக்காக, அவன் பிள்ளைகளுக்காக, அவன் உடம்புக்காக, கடைசியில் அவன் கண்ணுக்கும் காதுக்கும் சேர்த்து உருக்கமாகக் கேட்டார். கேட்டு முடித்துவிட்டு எனக்காகக் காத்திருந்தார்.

நான் ஆமீன் சொன்னேன்.