மூன்று பயிற்சியாளர், இரண்டு கால்

அமெரிக்கக் கால்பந்து அணியின் பொதுமேலாளர் அறைக்குள் நுழையவே டெல் ஹார்க்னஸுக்குப் பிடிக்காது. கார்ல்டன் வைஸ் எப்போதும் கடைவாயில் புகையிலையை அதக்கியிருப்பார். இரண்டு வாக்கியத்துக்கு ஒரு முறை காகிதக் கோப்பையில் துப்புவார். சாயங்காலத்துக்குள் மேஜையில் அப்படி மூன்று கோப்பைகள் சேர்ந்துவிடும். அதில் ஒன்றைக் காபி என்று நினைத்து எடுத்துக் குடித்த புது ஆள் மறுநாளே வேலையை விட்டுப் போனான் என்று அலுவலகத்தில் ஒரு கதை உண்டு. கதையோ நிஜமோ, டெல் அந்த அறையில் எதையும் தொடுவதில்லை.

"நாப்பது காட்சி வேணும் டெல்," என்றார் வைஸ். "பையனோட கால் மட்டும். தப்பா வெச்ச கால். மூணு வருஷத்தையும் கலந்து போடு. வியாழக்கிழமை கூட்டத்துக்கு ஓனர் வர்றாரு. படத்தைப் பாத்துட்டு, இவன் தேறமாட்டான்னு அவரே அவர் வாயால சொல்லணும்."

"தேறமாட்டான்னு முடிவு பண்ணிட்டீங்களா?"

"நான் எங்கய்யா பண்ணினேன்? நீதான் பண்ணின. உன் அறிக்கையைத்தானே நான் படிக்கிறேன்." கோப்பையை எடுத்துத் துப்பினார். "மூஞ்சியை ஏன் வெளக்கெண்ணெய் குடிச்ச மாதிரி வெச்சிருக்க? போ, வேலையைப் பாரு."

பையன் என்று அவர் சொன்னது ட்ரேவன் ஆம்ஸ்டெட்டை. வயது இருபத்து நான்கு. அணியின் குவார்ட்டர்பேக். பந்தை முதலில் வாங்கி, இரண்டரை விநாடிக்குள் மைதானத்தையே கண்ணால் அளந்து, மேலே விழ வரும் நான்கு மலைகளுக்கு நடுவில் நின்று எறிகிறவன். எறிந்தது சரியாகப் போனால் அந்த ஏரிக்கரை ஊரே அவன் எண் போட்ட சட்டையை மாட்டிக்கொண்டு திரியும். தப்பாகப் போனால் வாகன நிறுத்தத்தில் வைத்து அதே சட்டையைக் கொளுத்திப் படம் எடுத்துப் போடும். மூன்று வருஷத்தில் ட்ரேவன் இரண்டையும் பார்த்துவிட்டான். ஒப்பந்தம் நான்கு வருஷம். அவனை ஐந்தாம் வருஷத்துக்கும் வைத்துக்கொள்கிறோமா இல்லையா என்று மே மாதத் தொடக்கத்துக்குள் அணி சொல்லியாக வேண்டும். இல்லை என்று சொல்லிவிட்டால் நெற்றியில் முத்திரை குத்தியது போலத்தான். அதற்குப் பிறகு யாரும் ஒரு குவார்ட்டர்பேக்கை நம்பி அணியைக் கொடுப்பதில்லை. மற்றவனுக்குக் காயம் பட்டால் உள்ளே இறங்கட்டும் என்று ஓரத்தில் தொப்பியோடு நிறுத்திவைப்பார்கள்.

டெல்லின் வேலை படம் பார்ப்பது. ஜன்னல் இல்லாத அறையில் பன்னிரண்டு வருஷமாக அதைத்தான் செய்கிறான். ஒவ்வொரு எறிதலையும் முன்னும் பின்னும் ஓட்டி, கண்ணுக்கு எத்தனை, தோளுக்கு எத்தனை, காலுக்கு எத்தனை என்று ஒன்பதுக்கு மதிப்பெண் போடுவான். இந்தத் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. மதிப்பெண் போடுகிறவன் பயிற்சியாளர்களின் அறையில் உட்காரக் கூடாது. உட்கார்ந்தால் அவர்கள் பேச்சு காதில் விழும், காதில் விழுந்தால் கண் கெட்டுவிடும் என்பார்கள். டெல்லும் அதை வேதவாக்காகப் பிடித்துக்கொண்டிருந்தான். பன்னிரண்டு வருஷத்தில் ஒரு நாள்கூட அந்த அறையின் கதவைத் தட்டியதில்லை. அதில் அவனுக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

நாற்பது காட்சி கேட்டார்கள். மத்தியானத்துக்குள் அறுபது கிடைத்துவிட்டது. கிடைக்காமல் என்ன செய்யும், எல்லாவற்றையும் அவனே குறித்து வைத்திருக்கிறானே. முதல் வருஷம்: இடக்கால் முன்னே, ஒழுங்கு நன்று, ஆறு. இரண்டாம் வருஷம்: வலக்கால் முன்னே வந்துவிட்டது, கற்றதை மறக்கிறான், மூன்று. மூன்றாம் வருஷம்: மறுபடி இடக்கால், நிலைகொள்ளாதவன், மூன்று. சுருக்கமாகவும் தெளிவாகவும் எழுதியிருப்பதாகத்தான் அப்போதுகூட அவனுக்குத் தோன்றியது.

மறுநாள் காலை கதவு தட்டப்பட்டது. ட்ரேவன் நின்றிருந்தான். முழங்கால் சிகிச்சைக்காக வந்தவன். ஐஸ் கட்டியிருந்த துணியிலிருந்து தண்ணீர் சொட்டிக் காலுறையை நனைத்துக்கொண்டிருந்தது. அலபாமாக்காரன். கதவைத் திறந்துவிடும் காவலாளியைக்கூட சார் என்றுதான் கூப்பிடுவான். டெல் அவசரமாகத் திரையை அணைத்தான்.

"சார், ஒரு நிமிஷம். கேக்கலாமா கூடாதான்னு தெரியல. சீசன் முடிஞ்சா கோச்சுங்ககிட்ட ஏப்ரல் வரைக்கும் ஆட்டத்தைப் பத்தி வாயே திறக்கக் கூடாதுன்னு விதி. நீங்க கோச் இல்லையே, அதான்."

"சொல்லு."

"புதுசா வந்திருக்காரே, ப்ரானிகன் சார். அவருக்கு எந்தக் கால் முன்னாடி?"

டெல்லுக்குப் புரியவில்லை. "எந்தக் கால்னா?"

"பந்து வாங்க நிக்கறப்போ சார். லாஸிட்டர் சாருக்கு இடது. அவரை அனுப்பிட்டு க்ரீவ்ஸ் சாரைக் கொண்டுவந்தாங்க, அவருக்கு வலது. மறந்துபோய் இடது வெச்சிட்டா, பயிற்சியை நிறுத்திட்டு எல்லார் முன்னாடியும், 'என்னடா, லாஸிட்டர் பேய் இன்னும் உன்னை விட்டுப் போகலையா'ம்பாரு. அப்புறம் ஃபென் சார் வந்தாரு. திரும்பவும் இடது. எனக்கு ஒரு காலை மாத்த மூணு வாரம் ஆகுது. இப்பவே தெரிஞ்சா ஏப்ரல்ல போய் நிக்கறப்போ சரியா இருப்பேன்."

சட்டைப்பையிலிருந்து ஒரு சின்ன நோட்டை எடுத்து நீட்டினான். தேதிவாரியாக எழுதியிருந்தது. வீட்டில் கண்ணாடி முன்னால் நின்று தினமும் இருநூறு தடவை. எந்தத் தேதியில் எத்தனை தடவை தப்பியது, எந்தத் தேதியிலிருந்து தப்பவில்லை, எல்லாம் பள்ளிக்கூடத்துப் பையன் கையெழுத்தில்.

டெல் புரட்டினான். கடைசிப் பக்கம் வரை படித்தான்.

"மாத்திக்கிட்டே இருந்தா ஒண்ணும் படியாதுன்னு அவங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே."

ட்ரேவன் சிரித்தான். "சொன்னா, பேச்சு கேக்காதவன்னு நீங்க எழுதிடுவீங்களே சார்."

குத்தலாகச் சொல்லவில்லை. மழை பெய்தால் நனையும் என்பது போலச் சாதாரணமாகச் சொன்னான். டெல்லுக்குத்தான் சுருக்கென்றது. அவன் அதைத்தான் எழுதியிருப்பான், அதே வார்த்தையில். ப்ரானிகனுக்கு எந்தக் கால் என்று தனக்குத் தெரியாது என்று மட்டும் சொல்லிப் பையனை அனுப்பிவைத்தான்.

பிறகு கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தான். தன்மேலேயே அப்படி ஓர் அருவருப்பு அவனுக்கு அதுவரை வந்ததில்லை. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். இங்கே ஆடுகிறவளை நேராக நிற்கவிடாமல் வருஷத்துக்கொரு தரம் கூடத்தையே திருப்பிப் போட்டுவிட்டு, அவள் கோணலாக ஆடுகிறாள் என்று சபையில் எழுதிப் படிக்கிறார்கள். படித்தவன் வைஸ் என்றால் எழுதியவன் யார்? எதிரே பத்தடியில் இருந்த கதவைத் தட்டி, "இவனை என்ன செய்யச் சொல்லியிருக்கீங்க" என்று கேட்டிருந்தால் போதும். கண் கெட்டுவிடும் என்று பயந்து குருடனாக இருந்துவிட்டான்.

அதே அறுபது காட்சிகளைக் கலைத்து, இன்னும் இருநூறைச் சேர்த்து, பயிற்சியாளர் வாரியாக அடுக்கினான். லாஸிட்டர் வந்த தேதி, க்ரீவ்ஸ் வந்த தேதி, ஃபென் வந்த தேதி. ஒவ்வொரு தேதிக்கும் பிறகு முதல் வாரம் கால் தடுமாறும். இரண்டாம் வாரம் பாதி சரியாகும். மூன்றாம் வாரத்துக்குப் பின் கோடு கிழித்தது போல நிற்கும். அவன் எறிந்ததில் பிடிக்கப்பட்ட பந்துகள் வேண்டுமானால் கூடக் குறைய இருக்கலாம். சொன்னதைச் செய்வதில் இவனைப் போல ஒருத்தனை டெல் பன்னிரண்டு வருஷத்தில் பார்த்ததில்லை.

வியாழக்கிழமை நீண்ட மேஜையில் ஓனர் நடுவில், வைஸ் ஒரு பக்கம், புதுப் பயிற்சியாளர் ப்ரானிகன் ஒரு பக்கம். நடுவே காலையில் வாங்கி வைத்த டோனட்டுகள் காய்ந்துகொண்டிருந்தன. டெல் தான் அடுக்கியதை ஓடவிட்டான். நாலாவது காட்சியிலேயே இது தான் கேட்ட படமில்லை என்று வைஸுக்குத் தெரிந்துவிட்டது. மெல்லுவதை நிறுத்திவிட்டு டெல்லையே பார்த்தார்.

படம் முடிந்ததும் டெல் எழுந்து நின்று சொன்னான். "இவனுக்குக் கத்துக்க வரலன்னு நான் எழுதினது தப்பு. மூணு பேர் சொன்னதையும் இவன் மூணு மூணு வாரத்துல கத்துக்கிட்டான். ஒரே ஆளோட ரெண்டு வருஷம் விட்டுப் பாருங்க. இவனை அனுப்பக் கூடாது."

ஓனர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இதை ஏன்ப்பா போன வருஷமே சொல்லல?"

"அப்போ தெரியாது சார். நான் கேக்கல."

"ப்ரானிகன், நீ என்ன சொல்ற?"

ப்ரானிகன் நாற்காலியில் சாய்ந்தார். "நல்ல பையன். ஆனா நான் வர்றப்பவே சொல்லிட்டேன், எனக்குப் புது ஆள் வேணும்னு. அடுத்தவன் சமைச்ச சட்டியில நான் சமைக்க மாட்டேன். இவன் தோத்தா என் தலை போகும். புதுசா ஒருத்தனைக் கொண்டுவந்து தோத்தா, வளர்றான், பொறுங்கன்னு சொல்லலாம். மூணு வருஷம் ஓடும்."

இப்படி ஒரு விஷயத்தை வெட்கமில்லாமல் வாய்விட்டுச் சொல்ல முடியும் என்று டெல் நினைத்ததில்லை. மேஜையில் யாருக்கும் முகம்கூட மாறவில்லை. ஓனர், சரி சரி என்பது போலத் தலையாட்டினார்.

அப்போதுதான் வைஸ் சிரித்தார். பழுப்பேறிய பல் அத்தனையும் தெரிந்தது. "டெல், உன்னைக் கொன்னுடலாம்னு இருந்தேன். இப்போ கட்டிப்பிடிக்கணும் போல இருக்கு. இந்தப் படத்துல ஒரு பிரதி குடு. மேற்கே பாலைவனத்துல ரெண்டு அணி ஆள் கிடைக்காம அலையுது. கால் சரியில்லன்னுதான் பேரத்தைக் குறைக்கிறானுங்க. இதைப் பாத்தா வாயைப் பொத்திக்கிட்டு கல்லூரிப் பசங்களை எடுக்கற முதல் சுற்று வாய்ப்பையே தூக்கிக் குடுப்பானுங்க."

"நான் விக்கறதுக்காக இதைப் பண்ணல."

"தெரியுமே. அதனாலதான் நல்லா இருக்கு." கோப்பையை எடுத்தார். "ஓரமா உன் கையெழுத்துல எழுதிக் குடு, சொன்னா கேக்கறவன்னு. உன் வார்த்தைக்கு வெளியில மதிப்பு இருக்கு."

டெல் அதை எழுத மாட்டேன் என்றுதான் அறைக்குத் திரும்பினான். எழுதாவிட்டால் என்ன ஆகும் என்று உட்கார்ந்து யோசித்தான். காலைப் பற்றிய பழைய அறிக்கையோடேயே பையனை யார் தலையிலாவது கட்டிவிடுவார்கள், முத்திரையோடு போவான். எழுதினால் நல்ல பேரோடாவது போவான். எழுதினான். வேலையை விட்டுவிடுவேன் என்று அந்த வாரம் மனைவியிடம் இரண்டு முறை சொன்னான். விடவில்லை.

மாதம் முடிவதற்குள் ட்ரேவனைப் பாலைவனத்து அணி எடுத்துக்கொண்டது. வைஸ் சொன்ன விலையே கிடைத்தது.

ஏப்ரல் கடைசியில் ஒரு மத்தியானம், கல்லூரியிலிருந்து வரப்போகும் ஐந்து புதுப் பையன்களின் படத்தை டெல் ஓட்டிக்கொண்டிருந்தபோது போன் அடித்தது.

"சார், ட்ரேவன் பேசறேன். நன்றி சொல்லத்தான் கூப்பிட்டேன். வந்த அன்னிக்கே இங்க கோச் உங்க படத்தை மொத்த ரூமுக்கும் போட்டுக் காட்டினாரு. என்னைப் பத்தி யாரும் இவ்வளவு நல்லதா சொன்னதே இல்ல. அம்மாவுக்குக்கூட அனுப்பினேன். அழுதுட்டாங்க."

"நல்லா நடத்தறாங்களா?"

"ரொம்ப. கால் மட்டும் கொஞ்சம் வேலை இருக்கு. இவருக்கு ரெண்டு காலும் சமமா இருக்கணும், முன்னும் இல்ல, பின்னும் இல்ல. ஒரு மாசம் டைம் கேட்டேன். மூணு வாரம் போதும்னு டெல் ஹார்க்னஸே சொல்லியிருக்காரேன்னு சிரிச்சாரு. இன்னிக்குப் பதினோராவது நாள்."

டெல் திரையைப் பார்த்தான். யாரோ ஒரு பையன் எறிவதற்குக் கையை ஓங்கியபடி உறைந்து நின்றிருந்தான்.

"ட்ரேவன், இவர்கிட்டயாவது முடியாதுன்னு சொல்லிப் பாரேன். இந்தக் கால்தான் எனக்கு வருதுன்னு."

மெல்ல, நிஜமாகவே தெரிந்துகொள்ள வேண்டும் என்பது போல, "சொல்லலாமா சார்?" என்றான்.

அந்தப் பாலைவனத்துக் கட்டடத்திலும் ஜன்னல் இல்லாத ஓர் அறை இருக்கும். அதில் கர்வத்தோடு ஒருத்தன் உட்கார்ந்திருப்பான். பையன் முடியாது என்று சொன்ன அன்றே அவன் என்ன எழுதுவான் என்று டெல்லுக்கு எழுத்துக்கு எழுத்துத் தெரியும்.

"வேண்டாம்," என்றான் டெல். "அவர் சொல்ற மாதிரியே பண்ணு."