சவுந்தா கடற்கரையில் நான்

ஊருக்கெல்லாம் நான் சவுந்தா கடற்கரையில் ஒரு ஹோட்டலில் வேலை பார்க்கிறேன். வேலை முடிந்ததும் கரையோரமாகக் காலாற நடக்கிறேன், லீவு நாளில் பக்கத்துத் தீவுக்குப் படகில் போய்வருகிறேன், தினமும் ஒரு படம் வரைகிறேன். உண்மையில் நகரத்துக்குள், லான்மடா பேட்டையில், மூன்றாம் மாடியிலுள்ள எங்கள் வீட்டில், துணிக்கொடிக்கும் அரிசி டின்னுக்கும் நடுவே உட்கார்ந்திருக்கிறேன். பர்மியப் பட்டாளத்துக்குக் கட்டாயமாக ஆள் எடுக்கும் சட்டம் வந்தபிறகு நான் வெளியே கால் வைக்கவில்லை.

ஏற்பாடு அம்மாவுடையது. நான் வரைந்ததைத் தங்கை பூர்ணா போனில் பிடித்து, என் பெயரில் ஃபேஸ்புக்கில் போடுவாள். கீழ் மாடியில் இருக்கும் பர்மியப் பெண்மணி டோ மியாதான் எங்கள் பத்து வீட்டுக்கும் தலைவி. யார் வீட்டில் யார் தூங்குகிறார்கள் என்று வார்டு ஆபீசுக்குச் சொல்லும் பொறுப்பு அந்தம்மாவுடையது. இந்தக் கண்காட்சி முழுக்க அவருக்காகத்தான். எங்கள் வீட்டுத் தரை பலகைத் தரை. அம்மா நடந்தால்தான் நானும் நடக்கலாம். தும்மல் வந்தால் தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொள்ள வேண்டும். இது ஒரு பிழைப்பா என்று எரிச்சலாக வரும். அந்த எரிச்சலோடு அமைதியான அலைகளை வரைவேன்.

நான் சவுந்தாவுக்குப் போனதே இல்லை. எனக்குத் தெரிந்த கடல், அடுப்படியில் தொங்கும் மெட்ராஸ் காலண்டரில் இருப்பதுதான். அதில் சூரியன் தண்ணீரிலிருந்து எழும்பிவரும். அதையே விதவிதமாக வரைந்து, ‘சவுந்தாவில் காலை நடை’ என்று கீழே எழுதுவேன்.

கலாவிடம் இதையெல்லாம் சொல்லவில்லை. அவளைத்தான் கட்டிக்கொள்வதாக இருந்தேன். ஆனால் அவள் அண்ணன் வார்டு ஆபீசில் வேலை செய்கிறான். “அவ வாய்தவறி ஒரு வார்த்தை விட்டாலும் ஒன்ன லாரியில ஏத்திருவாங்கடா” என்று அம்மா என்னிடம் சத்தியம் வாங்கிவிட்டாள். கலா அனுப்பும் செய்திக்கெல்லாம் ‘வேலை ஜாஸ்தி’ என்று பதில் போட்டுவிட்டு என்னை நானே திட்டிக்கொள்வேன்.

போன வாரம் ஒரு மத்தியானம் கதவு தட்டும் சத்தம் கேட்டது. கலாவின் குரல். நான் வரைந்துகொண்டிருந்ததை அப்படியே மேஜையில் விட்டுவிட்டு உள்ளறைத் திரைக்குப் பின்னால் பாய்ந்தேன். அம்மா கதவைத் திறந்தாள். திரை இடுக்கில் பார்த்தேன், கலா வெயிலில் கறுத்துப்போயிருந்தாள். தோளில் பை.

“அத்தை, நான் சவுந்தாவுக்குப் போயிட்டு வரேன்.”

அம்மா அவளை உள்ளே இழுத்துக் கதவைச் சாத்தினாள்.

“ஹோட்டல் ஹோட்டலா ஏறி எறங்கினேன். அப்படி ஒரு ஆளே இல்லங்கிறாங்க. நடக்க வருவாருன்னு விடியக்காலையிலயே கரையில குந்தியிருந்தேன். அங்க சூரியன் கடல்ல உதிக்கல அத்தை! முதுகுப் பக்கம், தென்ன மரத்துக்கு மேல வருது. சாயங்காலம்தான் கடலுக்குள்ள போகுது. அவரு அந்தப் பக்கமே போகல. எவளோட எங்க இருக்காரு? சொல்லிருங்க, நான் போயிடறேன்.”

சொல்லிவிட்டு விம்மி விம்மி அழுதாள். கையை நீட்டினால் தொட்டுவிடலாம். ‘இங்கேதான் இருக்கிறேன் கலா’ என்று தொண்டை வரை வந்தது. கீழே டோ மியா வீட்டில் ரேடியோவை அணைக்கும் சத்தம் கேட்டது. நான் என் வாயை நானே பொத்திக்கொண்டேன். அந்தக் கையைக் கடித்துத் துப்பலாம்போல் இருந்தது.

கலா மேஜையில் கையை ஊன்றினாள். எடுத்துப் பார்த்தபோது உள்ளங்கை முழுக்க நீலம். என் கடல் இன்னும் காய்ந்திருக்கவில்லை. அவள் கையைப் பார்த்தாள், அம்மாவைப் பார்த்தாள். அம்மாவுக்கு ஒரு கோலம்கூட நேராக வராது, பூர்ணா பகலில் வேலைக்குப் போய்விடுவாள் என்று அவளுக்குத் தெரியும். பிறகு திரையைப் பார்த்தாள். அழுகை நின்றுவிட்டது.

உள்ளங்கையை, இடுப்பில் கட்டியிருந்த லோன்ஜியில் அழுத்தித் துடைத்துக்கொண்டு, வாசல் கதவை விரியத் திறந்தாள். அதுவரை தமிழில் பேசியவள், படிக்கட்டுப் பக்கம் திரும்பிப் பர்மிய மொழியில் கத்தினாள்.

“உங்க பிள்ளை நல்லா இருக்கட்டும்! சவுந்தாவுல என் கண்ணால பார்த்தேன். பொண்டாட்டியோட கைகோத்துக்கிட்டுப் போறான்! இனிமே இந்தப் படியில என் கால் படாது!”

டோ மியாவின் கதவு படாரென்று திறந்தது. “அடப் பாவமே, வா மகளே” என்று கலாவை உள்ளே அழைத்துப் போனார். பலகை இடுக்கு வழியாக எல்லாம் கேட்டது. என் பொண்டாட்டியின் நிறம், உயரம், என்னைப் பார்த்து அவள் சிரித்த சிரிப்பு, எதையும் கலா விடவில்லை. நான் தரையில் காதை வைத்துப் படுத்துக்கொண்டு சத்தமில்லாமல் அழுதேன். அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, “இனி அவ எப்படிடா இந்த வீட்டுக்கு வருவா” என்றாள்.

இருட்டுவதற்குள் நான் அயோக்கியன் என்பது தெரு முழுக்கத் தெரிந்துவிட்டது. நான் சவுந்தாவில் இருப்பதில் இனி யாருக்கும் சந்தேகமில்லை.

வேலையிலிருந்து வந்த பூர்ணா, படியேறும்போதே டோ மியாவிடம் முழுக்கதையும் கேட்டுவிட்டு வந்தாள். என் பக்கத்தில் உட்கார்ந்து கிசுகிசுத்தாள்.

“அண்ணா, இனிமே படத்துல அண்ணியும் இருக்கணும். இல்லாட்டி கீழே கேப்பாங்க.”

பென்சிலை எடுத்தேன். எனக்குப் பார்க்காமல் வரையத் தெரிந்த பெண் ஒருத்திதான். முகத்தைப் போட்டால் தெருவே கண்டுபிடித்துவிடும். அதனால் கலாவைக் கடலைப் பார்க்க நிற்கவைத்து, எனக்கு முதுகைக் காட்டும்படி வரைந்தேன்.