இரண்டரை மணிக் கொடி

இருபத்தொரு கிலோமீட்டரை முக்கி முனகி யாரும் ஓடிவிடலாம். சொன்ன நேரத்துக்கு ஓடி முடிப்பதுதான் பெரும்பாடு. அதற்காகவே சங்கரன்கோவில் ஓட்டக்காரர்கள் தாலுகா ஆபீஸ் காசிராஜனைப் பிடித்து வைத்திருந்தார்கள். ‘2:30’ என்று எழுதிய கொடியை முதுகில் கட்டிக்கொண்டு, கிலோமீட்டருக்கு ஏழு நிமிடம் என்று பிசகாமல் ஓடுவார். பின்னால் போகிறவர்கள் கடிகாரமே பார்க்க வேண்டாம். அவரோடு போனால் இரண்டரை மணி நேரத்தில் ஊர் சேரலாம். பேஸர் என்று அந்த வேலைக்குப் பெயர். எல்லாருக்கும் அவர் கொடிக்காரர். சம்பளம் கிடையாது, மரியாதை மட்டும்தான். அந்த மரியாதைதான் மனுஷனைக் கெடுத்தது.

போன வருஷ ஓட்டத்தில் புளியங்குடி சாலையில் போய்த் திரும்பும்போது, ஊருக்கு இரண்டு கிலோமீட்டர் இருக்கையில் ரயில்வே கேட்டை அடைத்துவிட்டார்கள். ஆறு நிமிடம் நின்றார். “கொடிக்காரரே லேட்டுல்லா” என்று வாட்ஸ்அப் குழுவில் மாதக்கணக்காகக் கேலி. பெண்டாட்டி ஏசினால் சிரித்துக்கொண்டே போகிறவருக்கு, அந்தக் கேலி மட்டும் முள்ளாகத் தைத்துக் கிடந்தது.

இந்த வருஷம் அவர் பின்னால் ஓட வந்தவர்களில் சிஹாபுதீனும் ஒருவர். கடையநல்லூர்க்காரர், சவுதியில் தம்மாமில் வேலை பார்த்து, இதயத்தில் ஸ்டென்ட் வைத்துக்கொண்டு ஊர் திரும்பியவர். நிதானமாக ஓடலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

“கிலோமீட்டருக்கு ஏழு நிமிசம், அதுக்கு மேல வேகம் நமக்கு ஆகாது அண்ணாச்சி. ஒங்க கொடிய நம்பித்தான் வாரேன்.”

“பதறாத காரியம் சிதறாது வே. பேசாம பின்னால வாரும்” என்றார் காசிராஜன்.

பதினான்காவது கிலோமீட்டரில் கடிகாரத்தைப் பார்த்தார். இதே வேகத்தில் போனால் ஏழே முக்கால் வண்டிக்குக் கேட் அடைக்கிற நேரத்துக்குத்தான் போய் நிற்க வேண்டும். யாரிடமும் சொல்லாமல் எட்டிப் போட்டார். ஒரு பைசா லஞ்சம் வாங்காத மனுஷர், அன்றைக்குக் கிலோமீட்டருக்கு அரை நிமிடம் திருடினார். நாலைந்து பேர் பின்தங்கினார்கள். சிஹாபுதீன் விடவில்லை.

“அண்ணாச்சி, வேகம் கூடுதோ?”

“இல்ல வே. கொடிய மட்டும் பாரும்.”

கேட்டில் மணி அடித்துக்கொண்டிருந்தது. இருவரும் தாண்டினார்கள், பின்னால் கட்டை இறங்கியது. ஜெயித்துவிட்டோம் என்று காசிராஜனுக்கு உள்ளுக்குள் ஒரே குதூகலம். பத்து எட்டு வைத்திருப்பார், பொத்தென்று சத்தம் கேட்டது. திரும்பினால் சிஹாபுதீன் தார்ச்சாலையில் குப்புறக் கிடந்தார்.

ஆம்புலன்ஸ் எப்போதும் கடைசி ஓட்டக்காரனுக்குப் பின்னால்தான் வரும். அது கேட்டுக்கு அந்தப் பக்கம். வந்த ரயிலும் சிக்னல் கிடைக்காமல் சாலையை மறித்து நின்றுவிட்டது. பெட்டிகளுக்கு அப்பால் சைரன் கதறிக்கொண்டே இருந்தது. கொடிக்கம்பு பிடரியில் இடிக்க இடிக்க, காசிராஜன் அவர் நெஞ்சை அழுத்திக்கொண்டே இருந்தார். ரயில் நகரப் பதினோரு நிமிடம் ஆயிற்று. நர்ஸ் ஓடிவந்து கையைப் பிடித்துப் பார்த்தபோது பார்க்க ஒன்றும் மிச்சமில்லை.

ஆஸ்பத்திரி வராந்தாவில் சிஹாபுதீன் மனைவி ரூபியா உட்கார்ந்திருந்தார். அழுது ஓய்ந்த முகம். காசிராஜன் எதிரே போய் நின்றார். சொல்லாமல் வீட்டுக்குப் போயிருக்கலாம். அந்த வேகம் வேறு யாருக்கும் தெரியாது; பின்தங்கியவர்களும் தங்களுக்குத்தான் முடியவில்லை என்று நினைத்திருப்பார்கள். முடியவில்லை.

“அவுக மெதுவாத்தான ஓடுவாக, அண்ணாச்சி” என்றார் ரூபியா.

“நான்தாம்மா வேகமா இழுத்துட்டு வந்தேன். அவுக கேட்டாக, இல்லன்னு பொய் சொல்லிட்டேன். கேட் அடைச்சிருவானேன்னுதான்...”

ரூபியா அவரைப் புரியாமல் பார்த்தார்.

“அடைச்சா என்ன அண்ணாச்சி? செத்த நேரம் நின்னுட்டு வந்திருப்பாகல்லா.”