நாலு இடத்தில் அழுத்தினேன்

என் மனைவிக்குச் சுகர் வந்து பதினாலு வருஷம். அத்தனை வருஷமும் நான்தான் அவளைத் தெருமுனைச் சுகாதார நிலையத்துக்குக் கூட்டிக்கொண்டு போகிறேன். கால் பரிசோதனை என்று அங்கே ஒன்று உண்டு. டாக்டர் அட்டையிலிருந்து தலையைத் தூக்காமல், "கால்ல புண்ணு கிண்ணு இருக்கா?" என்பார். இவள், "இல்லீங்க" என்பாள். கட்டத்தில் ஒரு டிக் விழும். முடிந்தது பரிசோதனை. இவள் ஷூவைக் கழற்றி மாட்ட ஐந்து நிமிஷம் ஆகும். வெளியே அறுபது பேர் உட்கார்ந்திருக்கும்போது எந்த டாக்டர் கழற்றச் சொல்வார்? எனக்கும் அதுதான் வசதி.

புதிதாக ஒரு நர்ஸ் வந்தாள். ஆள் குள்ளம், குரல் மட்டும் மாடிவரை கேட்கும். வந்த வாரமே எடை மெஷினுக்குப் பக்கத்தில் ஒரு நீள பெஞ்சைப் போட்டாள். அதன் அடியில் நம்பர் ஒட்டிய பிளாஸ்டிக் தட்டுகள். சுகர்காரர்கள் டோக்கன் வாங்கியதும் அங்கேயே உட்கார்ந்து ஷூ, செருப்பு எல்லாவற்றையும் கழற்றித் தட்டில் வைத்துவிட வேண்டும். முறை வரும்போது கால் தயாராக இருக்கும்.

"ஷூ தொலைஞ்சா யாரு பொறுப்பு?" என்று கேட்டேன்.

"நான்தான் ஐயா. கவலைப்படாதீங்க, அம்மாவோட ஷூ எனக்குப் பத்தாது."

பெஞ்சில் இருந்தவர்கள் சிரித்தார்கள். என் மனைவி எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தாள்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. எதிர்வீட்டு எலக்ட்ரீஷியனும் சுகர்காரர். போன வருஷம் பெரிய ஆஸ்பத்திரிக்குக் காலைக் காட்டப் போனார். பாதிப் பாதத்தோடு திரும்பினார். காட்டினார், எடுத்துவிட்டார்கள். எனக்குத் தெரிந்த வரலாறு அவ்வளவுதான். காட்டாமல் இருந்தால் எடுக்க மாட்டார்கள் என்று நான் கணக்குப் போட்டிருந்தேன்.

நர்ஸ் கையில் பேனா மாதிரி ஒன்று இருந்தது. அதன் நுனியில் தூண்டில் நரம்பு போல ஒரு நைலான் இழை. முதலில் இவள் முழங்கையில் தொட்டுக் காட்டினாள்.

"இவ்வளவுதாம்மா, குத்தாது. கண்ணை மூடிக்குங்க. பாதத்துல படறது தெரிஞ்சா 'ம்' சொல்லுங்க."

"என்னங்க, கையைக் குடுங்க. எனக்குக் கூச்சமா இருக்கு" என்றாள் இவள். கொடுத்தேன்.

இடது காலில் தொடத் தொட "ம்", "ம்" என்று வந்தது. வலது காலுக்குப் போனாள். கட்டைவிரலின் அடியில் வைத்தாள். இழை வில்லாக வளைந்தது. இவளிடமிருந்து சத்தமே இல்லை.

எலக்ட்ரீஷியனின் காலுறை முன்பக்கம் காலியாகத் தொங்குவது கண்ணில் வந்தது. இவள் கையை ஓர் அழுத்து அழுத்தினேன்.

"ம்" என்றாள்.

எங்களுக்குள் இது பழைய ஏற்பாடு. யார் வீட்டுக்குப் போனாலும் இவள் பேச்சை நிறுத்த மாட்டாள். கிளம்பும் நேரம் வந்தால் யாருக்கும் தெரியாமல் கையை அழுத்துவேன். எந்தக் கதையின் நடுவில் இருந்தாலும், "சரி, அப்ப நாங்க வரோம்" என்று எழுந்துவிடுவாள். கல்யாணமான புதிதில் ஆரம்பித்தது. இதுவரை ஒரு தடவையும் தவறியதில்லை.

அன்று வலது காலில் நாலு இடத்தில் அழுத்தினேன். நாலு தடவையும் "ம்".

"ரொம்ப நல்லது. ரெண்டு காலும் சரியா இருக்கு. அடுத்த பரிசோதனை ஒரு வருஷம் கழிச்சு" என்று நர்ஸ் எழுதிக்கொண்டாள். உணர்ச்சி குறைந்தவர்கள் மூன்று மாதத்துக்கு ஒரு முறை வர வேண்டுமாம். தப்பித்தோம் என்று நினைத்தேன்.

மறுவாரம் இவள் என் சட்டைக்குப் பட்டன் தைக்கும்போது ஒரு பட்டனைத் தொலைத்துவிட்டாள். கட்டிலுக்கடியில், தையல் மெஷினுக்கடியில் எல்லாம் தேடினோம். கிடைக்கவில்லை. மறுநாள் காலையில் கடைக்குப் போய்விட்டு வந்து ஷூவைக் கழற்றி உதறினாள். டக்கென்று விழுந்தது.

"பாத்தீங்களா, கிடைச்சிருச்சு! ஷூவுக்குள்ள போய் ஒளிஞ்சிருக்கு, திருட்டுப்பய."

அவளுக்கு ஒரே சந்தோஷம். நான் அவள் காலைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு பார்த்தேன். வலது பாதத்தில், கட்டைவிரலுக்குக் கீழே, பட்டன் அப்படியே பதிந்திருந்தது. நாலு ஓட்டையையும் எண்ணலாம். ஓரத்தில் தோல் கிழிந்து ஈரமாக இருந்தது. இரண்டு மணி நேரம் அதன்மேல் நடந்திருக்கிறாள்.

"வலிக்கலையா?"

"எது?" என்றாள்.

பிறகு என்னால் வாயை மூடிக்கொண்டிருக்க முடியவில்லை. அன்று கையை அழுத்தியதைச் சொன்னேன்.

"தெரியும். நீங்க அழுத்தினீங்க, நான் சொன்னேன். ஏன்னு கேட்டேனா?"

"கேட்டிருக்கலாமே."

"நாப்பது வருஷமா கேக்கலை, அன்னைக்கு எதுக்குக் கேக்கணும்? ஏன் அழுத்தினீங்கன்னு இப்ப சொல்லுங்க."

எலக்ட்ரீஷியன் கதையைச் சொன்னேன். இவள் தலையில் அடித்துக்கொண்டாள்.

"அட மனுஷா! அவரு ஆறு வாரமா புண்ணைக் காலுறைக்குள்ள மறைச்சு வெச்சிருந்தாரு. அவரு சம்சாரம் என்கிட்ட சொல்லி அழுதா. நீங்க யார்கிட்டயாவது கேட்டாத்தானே! உங்களுக்குத்தான் ஊருல யாரு என்ன சொன்னாலும் பொய்யாச்சே."

உடனே ஆட்டோ பிடித்தேன். நர்ஸிடம் போய் நின்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டேன். கத்துவாள் என்று பார்த்தேன். அவள் அட்டையை எடுத்து, பாதம் வரைந்திருந்த பக்கத்தைத் திருப்பி என் முன்னால் வைத்தாள்.

"எந்தெந்த இடத்துல அழுத்துனீங்க?"

பென்சிலை வாங்கி நாலு புள்ளி வைத்தேன். நாலும் எனக்கு மறக்கவில்லை.

"சரி. இப்ப அந்த மூலையில போய்க் கையைக் கட்டிக்கிட்டு நில்லுங்க. வாயையும்."

நின்றேன். இவள் கண்ணை மூடிக்கொண்டாள். நர்ஸ் இந்தத் தடவை வலது காலிலிருந்தே ஆரம்பித்தாள், புண்ணுக்குப் பக்கத்தில் போகாமல். ஒரு புள்ளி. இழை வளைந்தது, நிமிர்ந்தது. அடுத்த புள்ளி. அதற்கடுத்தது. என் கைகளை அக்குளுக்குள் இறுக்கி வைத்திருந்தேன்.

கொஞ்ச நேரம் கழித்து இவள் கண்ணை மூடியபடியே கேட்டாள்: "என்னம்மா, இன்னும் ஆரம்பிக்கலையா?"

நர்ஸ் என்னைப் பார்த்தாள். நான் சுவரைப் பார்த்தேன்.

டாக்டர் வந்து பார்த்தார். புண் மேலாக இருக்கிறது, எலும்புவரை போகவில்லை, சீக்கிரம் வந்துவிட்டீர்கள் என்றார். மருந்து வைத்துக் கட்டினார்கள். அடியில் மெத்தை வைத்த செருப்பு ஒன்று எழுதிக் கொடுத்தார்கள். ஷூவுக்குள் கையை விட்டுத் தடவிப் பார்த்த பிறகே போட வேண்டும், தினமும் பாதத்தைப் பார்க்க வேண்டும் என்று நர்ஸ் இவளிடம் சொல்லவில்லை, என்னிடம் சொன்னாள். மறுநாளிலிருந்து பெஞ்சுப் பக்கம் ஒரு புதுச் சட்டமும் வந்தது: துணைக்கு வந்தவர்கள் இரண்டடி தள்ளி நிற்க வேண்டும்.

"எல்லாம் உங்க புண்ணியம்" என்றாள் இவள்.

நாலாவது வாரம் கட்டைப் பிரித்துவிட்டு நர்ஸ், "ஆறிடுச்சு ஐயா" என்றாள். அவள் சொன்னதை நான் அப்படியே எடுத்துக்கொள்ளவில்லை. கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்து, பாதத்தை வெளிச்சத்துப் பக்கம் திருப்பி, விரல் இடுக்கெல்லாம் விரித்துப் பார்த்தேன். தோல் மூடித்தான் இருந்தது.

"என்னங்க, பெஞ்சு நிறைய ஆள் காத்திருக்காங்க" என்றாள் என் மனைவி.

"இருக்கட்டும்" என்று இடது காலையும் தூக்கினேன்.