ஒரு டிக்கெட் விற்றால் படம் ஓடும்

"நாலு காட்சியும் நம்ம படம்தான்கா. கம்பெனி கண்டிஷன். மேட்னில ஓடுற அந்தச் சின்னப் படத்தைத் தூக்கிடுங்க."

கறுப்புக் கண்ணாடியைக்கூடக் கழற்றாமல் இயக்குநர் சொன்னான். கவுண்டருக்குள் இருந்த தியேட்டர்க்கார அக்காவுக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது.

இவனுடைய முதல் படத்தை நாய்கூடச் சீண்டவில்லை. துணிந்து போட்டவள் இவள்தான். ஒரே ஒரு டிக்கெட் விற்றாலும் காட்சி நடக்கும், ஒன்றும் விற்காவிட்டால்தான் ரத்து என்பது அந்தத் தியேட்டரின் வழக்கம். ஆள் வராத மதியங்களில் இவனே முகத்தை மறைத்துக்கொண்டு வந்து, தன் படத்துக்குத் தானே டிக்கெட் எடுப்பான். அவளும் தெரியாதவள் மாதிரி கிழித்துக் கொடுப்பாள். அப்படி ஓடிய படத்தைத்தான் ஒரு விமர்சகர் பார்த்து எழுதினார். அப்புறம் பரிசு, மாலை, மேடை. சின்னத் தியேட்டர்தான் நம் சினிமாவுக்குத் தாய்வீடு என்று மேடைக்கு மேடை முழங்குகிறான். தாய்வீடாம், தாய்வீடு!

"மாட்டேன்னா?"

"இனிமே எங்க கம்பெனி படம் எதுவும் வராது. எதிர்ல மால் இருக்கு, அங்க போயிடும்."

பெரிய படம் வராவிட்டால் தியேட்டரை இழுத்து மூட வேண்டியதுதான். அது அவளுக்கும் தெரியும், மேலே ஆபரேட்டர் அறையில் இருந்த அவள் புருஷனுக்கும் தெரியும்.

"மேட்னிக்குத்தான் ஒருத்தருமில்லையே. உங்க வழக்கப்படியே இன்னைக்கே தூக்கிடலாமே" என்று சிரித்தான்.

அப்போது துப்பட்டாவால் முகத்தை மூடிய ஒருத்தி கவுண்டருக்குள் கையை நீட்டினாள். "ஒண்ணு குடுங்க." மூக்குக்கண்ணாடியே காட்டிக்கொடுத்தது, அந்தச் சின்னப் படத்தை இயக்கிய கண்ணாடிக்காரிதான்.

அவனுக்கும் அடையாளம் தெரிந்துவிட்டது. "அவங்க படத்துக்கு அவங்களே எடுத்தா கணக்குல சேருமாக்கா?"

"உனக்குச் சேர்த்தேனேடா, பாவி! தினம் தினம் சேர்த்தேனே! ஏறின ஏணியை எட்டி உதைக்கிறியே, வெக்கமா இல்ல?"

அவன் கண்ணாடியைக் கழற்றினான். "அக்கா, கம்பெனிதான்..."

"படம் பாக்கணும்னா டிக்கெட் எடு. இல்லன்னா வழியை விடு."

அவன் போய்விட்டான். அவள் டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டு, ஓங்கி மணியை அடித்தாள். மேலே புருஷன் ஏன் எதற்கு என்று கேட்காமல் படத்தைப் போட்டான்.

உள்ளே கண்ணாடிக்காரி தனியாக அழுதுகொண்டிருந்தாள். அக்கா பக்கத்து நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தாள்.

"நாளைக்கு நீயும் பெரிய ஆளாகி, இங்க வந்து இதையே சொல்லு, செருப்பாலயே அடிப்பேன்" என்றாள்.